“என் தம்பி நேரில் பார்த்தான்” என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். என் மேல் வழக்கு வருமா?

ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் தையல் கடை நடத்தும் 36 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் அணையையும் அடையாளம் தெரியாதபடி நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின். குழுவில் 180 பேர். மூன்று நாளாக விடாமல் மழை. இரவு 11 மணிக்கு அத்தை மகள் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். அணைச்சுவரில் பெரிய வெடிப்பு, பீறிட்டு வரும் தண்ணீர், முன்னால் டார்ச்சுடன் இரண்டு பேர். ‘சற்று முன்’ என்று மேலே எழுதியிருந்தது. வெறும் படத்தைப் போட்டால் யாரும் அசைய மாட்டார்கள் என்று பயந்து, “என் தம்பி அங்கேதான் இருக்கிறான், நேரில் பார்த்துச் சொன்னான்” என்று தானாக ஒரு வரி சேர்த்துக் குழுவில் போட்டுவிட்டார். தம்பி அப்போது திருப்பூரில் இருந்தார். நாற்பது குடும்பங்கள் இருட்டில் பள்ளிக்கூடத்துக்கு ஓடின. பெரியவர் ஒருவர் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. அணைக்கு ஒன்றும் ஆகவில்லை, படம் ஏஐயில் உருவாக்கியது என்று காலையில் தெரிந்தது. அதே வாரத்தில், வெள்ள நிவாரணம் என்று வந்த ஒரு க்யூஆர் கோடுக்கு இவர் 5,000 ரூபாய் அனுப்பி, அதுவும் மோசடி என்று இப்போது சந்தேகப்படுகிறார்.

நேற்று ஒருவர் வாட்ஸ்அப்பில் அழைத்து, “ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன், போனை எடுத்துக்கொண்டு வாங்க” என்றாராம். போனை ஃபார்மட் பண்ணிவிடு என்கிறார் தம்பி. ‘66ஏ’ பிரிவில் உள்ளே போட்டுவிடுவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். “இனி எதையும் நம்பப் போவதில்லை, குழுவையே கலைத்துவிடுகிறேன்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

யாரும் கேட்காமலே அந்த ஒரு வரியைப் பற்றி ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அதை மறைத்து எழுதியிருந்தால் என் பதில் தப்பாகப் போயிருக்கும். வழக்கு, ஜெயில் எல்லாம் பிறகு. முதலில் அந்த அழைப்பைப் பார்த்துவிடுவோம்.

அழைத்தவர் போலீஸ்தானா?

பொய்ப் படத்தை நம்பி மாட்டிக்கொண்ட நேரத்தில் பொய்ப் போலீஸையும் நம்பிவிடாதீர்கள். ‘டிஜிட்டல் கைது’ என்று பயமுறுத்திப் பணம் பறிப்பவர்கள் பேசுவதும் இதே பாணியில்தான். டிபியில் காக்கிச் சட்டை இருப்பதால் ஒருவர் போலீஸ் ஆகிவிட மாட்டார். வீட்டில் யாரையாவது உங்கள் எல்லைக்கு உட்பட்ட ஸ்டேஷனுக்கு அனுப்பி, இப்படி ஒரு புகார் இருக்கிறதா, விசாரணை அதிகாரி யார் என்று நேரில் கேட்டு வரச் சொல்லுங்கள். “இவ்வளவு அனுப்பினால் கேஸை முடித்துவிடுகிறேன்” என்று அந்த நபர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் சந்தேகமே வேண்டாம், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

உண்மையான போலீஸாகவே இருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. உங்களைக் குற்றம் சாட்டப்பட்டவராக விசாரிக்க நினைத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 35(3)ன்படி எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு நீங்கள் ஆஜராகிக்கொண்டிருக்கும் வரை, காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. வெறும் சாட்சியாக விசாரிப்பதென்றால், பிரிவு 179ன்படி ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவே கூடாது, அவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். இரண்டில் எது என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

போனை ஃபார்மட் செய்யாதீர்கள்

தம்பி பாசத்தில் சொல்லியிருக்கிறார், ஆனால் ஆபத்தான யோசனை. நீதிமன்றத்தில் காட்ட வேண்டிவரும் மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 241ன்படி தனிக் குற்றமாகலாம். இல்லாத வழக்கை நீங்களே உண்டாக்கிக்கொண்டது போல ஆகிவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உங்களைக் காப்பாற்றக்கூடிய சாட்சி அந்த போனுக்குள்தான் இருக்கிறது. அத்தை மகள் அனுப்பிய செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா, பாருங்கள். குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்திக்குத்தான் வாட்ஸ்அப் அந்தக் குறியைப் போடும். படத்தை நீங்கள் உருவாக்கவில்லை, ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றிய படம் உங்களிடம் வந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்னொரு இடத்திலும் சேமித்து வையுங்கள்.

குழுவில் ‘எல்லோருக்கும் அழி’ கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் எத்தனை பேர் வேறு குழுக்களுக்கு அனுப்பினார்களோ, அந்தப் பிரதிகளை உங்களால் தொட முடியாது. எனவே அழித்தது அழித்ததாக இருக்கட்டும், மறுப்பு ஒன்று கட்டாயம் போட வேண்டும். “இந்தத் தேதி இரவு நான் பகிர்ந்த அணைப் படம் பொய்யானது. என் தம்பி அதைப் பார்க்கவில்லை, அந்த வரி தவறு. இதை வேறு எங்காவது அனுப்பியிருந்தால் அங்கேயும் இந்த மறுப்பைப் போடுங்கள்.” இவ்வளவு போதும். “எல்லாத் தப்பும் என்னுடையது, எந்தத் தண்டனையையும் ஏற்கிறேன்” என்றெல்லாம் உருக்கமாக எழுத வேண்டாம். வக்கீல்களுக்கு உருக்கமான வாக்குமூலம் என்றாலே வயிறு கலங்கும்.

எந்தச் சட்டம் உங்களைத் தொடும்?

66ஏ தொடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை 2015 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. செத்துப்போன பிரிவைச் சொல்லிப் பயமுறுத்துவது இன்னும் நிற்கவில்லை.

வதந்திக்கான பொதுவான பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதா 353. மூன்று வருடம் வரை தண்டனை உண்டு. ஆனால் மக்கள் பயந்தார்கள் என்பது மட்டும் அதற்குப் போதாது. அந்தப் பயத்தால் யாராவது அரசுக்கு எதிராகவோ பொது அமைதிக்கு எதிராகவோ குற்றம் செய்யத் தூண்டப்படலாம் என்ற நிலை இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஓடிய குடும்பங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லையே. தவிர, உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தில் பகிர்ந்தவருக்கு அந்தப் பிரிவே விலக்கு தருகிறது.

உங்கள் விஷயத்துக்கு நெருக்கமாக வருவது பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005ன் பிரிவு 54. பேரிடர் பற்றியோ அதன் தீவிரம் பற்றியோ பொய்யான எச்சரிக்கையை உருவாக்கினாலோ பரப்பினாலோ, அதனால் பீதி உண்டானால், ஒரு வருடம் வரை சிறை அல்லது அபராதம். ‘தெரிந்தே’, ‘வேண்டுமென்றே’ என்ற சொற்கள் அந்தப் பிரிவில் இல்லை. அதனால் “எனக்குத் தெரியாதே” என்பதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. கெட்ட நோக்கம் இல்லை என்று வாதாட இடம் உண்டு, நல்ல வக்கீல் வாதாடுவார். இன்னொன்று, இந்தச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வழக்கை ஏற்க வேண்டுமானால் அரசோ, பேரிடர் ஆணையமோ, அதிகாரம் பெற்ற அதிகாரியோ புகார் கொடுக்க வேண்டும். அல்லது புகார் கொடுப்பவர் முப்பது நாள் முன்னறிவிப்பு தந்திருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் கோபத்தில் ஒரு மனு எழுதினார் என்பதற்காக நாளைக் காலையே கோர்ட்டில் நிற்க வேண்டி வராது.

அட்மின் என்பதால் மற்ற 179 பேர் போட்டதற்கும் நீங்கள்தான் பொறுப்பு என்று நினைக்கிறீர்கள். இல்லை. வெறும் அட்மினாக மட்டும் இருந்தார் என்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. மும்பை, கேரள உயர் நீதிமன்றங்களும் இதே கருத்துதான். ஆனால் இந்த நிழல் உங்களுக்கு உதவாது, ஏனென்றால் பதிவைப் போட்டவரே நீங்கள். “வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதானே” என்ற வாதமும் நம் ஊர் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. வேறு வகை வழக்கு அது. பெண் பத்திரிகையாளர்களை இழிவாகப் பேசிய பதிவு ஒன்றைப் பகிர்ந்த நடிகர், படிக்காமல் அனுப்பிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்றார். அனுப்பிய செய்தி வில்லிலிருந்து கிளம்பிய அம்பு மாதிரி, அதன் விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்று 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

கடைசியில் எல்லாம் அந்த ஒரு வரியில் வந்து நிற்கிறது. படத்தை நம்பினீர்கள், யாரும் நம்பியிருப்பார்கள். தம்பி பார்த்தான் என்பதை மட்டும் நீங்கள் நம்பியிருக்கவே முடியாது. நல்லெண்ணம் என்ற உங்கள் தற்காப்பில் ஓட்டை விழுவது அங்கேதான். நாற்பது குடும்பங்களை எழுப்பியதும் அந்த வரிதான், படம் இல்லை. முகம் தெரியாத படத்துக்கு ஒரு தெரிந்த முகத்தைக் கொடுத்துவிட்டீர்கள். விசாரணையில் இதைக் கேட்பார்கள். மறைக்காதீர்கள், ஆனால் வக்கீல் இல்லாமல் எதையும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். இலவச சட்ட உதவி மையம் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் உதவி உண்டு.

“நல்லதுக்குத்தானே செய்தேன்?”

இதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஹெலீன் புயல் அடித்தபோது, படகில் நாய்க்குட்டியைக் கட்டிக்கொண்டு அழும் சிறுமியின் படம் ஒன்று பரவியது. ஏஐ படம். பகிர்ந்தவர்களில் அரசியல் பிரமுகர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், படம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியமில்லை என்றே சொன்னார். எனக்கு அது முக்கியம் என்றுதான் படுகிறது.

தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்களைக் கேளுங்கள். ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 2 அதிகாலையில், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. அப்படி ஒரு ராத்திரி உங்கள் ஊருக்கும் வரலாம். அன்றைக்கு நீங்கள் “எழுந்து ஓடுங்க” என்று போட்டால், “போன தடவையும் இப்படித்தான் சொன்னா” என்று புரண்டு படுத்துக்கொள்வார்கள். அந்தப் பெரியவரின் இடுப்புக்கு அடுத்தபடியாக எனக்குக் கவலை தருவது இதுதான்.

படத்தை எப்படிப் பார்ப்பது?

விரலை எண்ணிப் பார்த்தேன், ஐந்துதான் இருந்தது என்கிறீர்கள். 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது, குழந்தையை அணைத்து நிற்கும் தீயணைப்பு வீரர் படத்தைப் போட்டு நன்கொடை வசூலித்தார்கள். அந்த வீரரின் கையில் ஆறு விரல், அதை வைத்தே பிடித்தார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது, இப்போதைய கருவிகள் விரலைச் சரியாகவே போடுகின்றன. ஒரு செயலி ‘92 சதவீதம் உண்மைப் படம்’ என்று காட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் பல கை மாறிச் சுருங்கிய படத்தில் அந்தச் செயலிகள் சுலபமாகத் தடுமாறும். அந்தச் சதவீதத்தை ஜோசியமாக எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் லென்ஸில் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். பழைய வெள்ளப் படத்தைப் புதுசு மாதிரி சுற்றவிடுவதை, பேரிடர் நேரத்துப் பொய்களில் அதுவும் நிறைய, லென்ஸ் பிடித்துவிடும். பத்து நிமிடம் முன்னால் ஏஐ செய்த படத்துக்குப் பழைய பிரதியே கிடையாது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் படம் உண்மை என்று அர்த்தமாகிவிடாது.

நீங்களே பிறகு கவனித்த ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. படத்தில் இருந்த பெயர்ப் பலகையில் தமிழ் மாதிரி ஏதோ இருந்தது, வாசிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏஐ பல சமயம் தமிழில்தான் சறுக்கும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், இல்லாத எழுத்து நடுவில். கடைப் பலகை, பஸ் போர்டு, வண்டி நம்பர் பிளேட் இவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதைவிடவும் பெரிய ஆயுதம் உங்களிடம் இருக்கிறது. அந்த அணைக்கு வருஷா வருஷம் போகிறவர் நீங்கள். படத்தில் எத்தனை ஷட்டர்? உண்மையில் எத்தனை? பாலம் எந்தப் பக்கம்? கருவியிடம் கேட்டவருக்கு ஏதோ ஓர் அணை போதும், உங்கள் அணையின் முகம் அவருக்குத் தெரியாது. அப்புறம் ஒரு கேள்வி: கொட்டும் மழையில், நடுராத்திரியில், வெடித்த சுவருக்கு நேர் எதிரே நின்று இவ்வளவு வெளிச்சமாகப் படம் எடுத்த அந்த ஆள் யார்? எங்கே நின்றான்?

இதெல்லாம் உதவும். ஆனால் இன்றைக்கு உதவும் அடையாளம் அடுத்த வருடம் உதவாமல் போகலாம். படத்தின் தோற்றத்தை வைத்து மட்டும் முடிவு செய்தால் இரண்டு பக்கமும் ஏமாறுவோம். முதலை கதை ஞாபகம் இருக்கிறதா? 2015 சென்னை வெள்ளத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று பரவியது. பச்சைப் பொய், பண்ணையே மறுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் அருகே முதலை சாலையைக் கடக்கும் வீடியோ வந்தது. பழைய புளுகு என்று சிரித்தவர்கள் பலர். அது உண்மை. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதை ஃபார்வர்டில் பார்த்திருந்தால் நானே ‘9.5 ஆக இருக்கும், புள்ளியை விட்டுவிட்டார்கள்’ என்று நினைத்திருப்பேன்.

ஆகவே படம் வந்த வழியைக் கேளுங்கள். அத்தை மகளுக்கு யார் அனுப்பினார்? அவருக்கு யார்? “நான் எடுத்தேன்” என்று சொல்ல ஒருவரும் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உண்மையில் அணை உடைந்தால் பத்துப் பேர் பத்துக் கோணத்தில் எடுத்திருப்பார்கள். ஒரே படம், ஒரே கோணம், பதினைந்து குழுவில் என்றால் அது பதினைந்து சாட்சி ஆகாது.

சரி, ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்? 2025 டிசம்பரில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பகுதியில் சின்ன நிலநடுக்கம், 3.3 ரிக்டர் அளவு. ரயில் பாலம் இடிந்த மாதிரி ஒரு படம் வந்தது. ரயில்வேக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நடுராத்திரியில் ரயிலை நிறுத்தி, ஆள் அனுப்பிப் பாலத்தைப் பார்த்தார்கள். பாலம் நன்றாக இருந்தது, படம்தான் பொய். 32 ரயில்கள் தாமதமாயின. நஷ்டம்தான், ஆனால் அவர்கள் செய்தது சரி. யாரும் “என் தம்பி பார்த்தான்” என்று சேர்க்கவில்லை, போய்ப் பார்த்தார்கள். உங்களால் ராத்திரியில் அணைக்குப் போக முடியாது. 1077க்கு அழைத்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநில அறை. விஏஓ நம்பர் உங்களிடம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் டிஎன் அலர்ட் செயலியைப் போனில் போட்டு வையுங்கள். அவர்கள் பதில் சொல்லும் வரை தெருவுக்கு ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால் இப்படிப் போடுங்கள்: “இப்படி ஒரு படம் வந்திருக்கிறது, உண்மையா தெரியவில்லை, 1077க்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். பையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.” படத்தைச் சேர்க்காதீர்கள். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, சட்டமும் உங்கள் பக்கம் நிற்கும்.

குழுவைக் கலைக்க வேண்டாம். மழைக்காலத்தில் ‘அட்மின் மட்டும் பதிவிடலாம்’ என்று மாற்றிவிட்டு, நிதானமான இன்னும் இரண்டு பேரை அட்மினாக்குங்கள்.

அந்த 5,000 ரூபாய்

இதில் நாள் கடத்தினால் போச்சு. இன்றே 1930க்கு அழைத்து, யூபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள். வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பணம் எதிராளியின் கணக்கில் இன்னும் இருந்தால் முடக்க வாய்ப்புண்டு. பல நாள் ஆகிவிட்டதால் திரும்பக் கிடைக்கும் என்று உறுதியாக நம்ப வேண்டாம், ஆனாலும் புகார் பதிவாக இருக்கட்டும். வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, 2024ல், தவறாகப் பயன்படுத்த வாய்ப்பிருக்கிறது என்று கேரள அரசே தன் நிவாரண நிதிக்கான க்யூஆர் கோடை நிறுத்திக்கொண்டது. இனி கொடுப்பதென்றால் முதலமைச்சர் நிவாரண நிதியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நீங்களே போய்க் கணக்கு எண்ணை எடுங்கள். யாரோ அனுப்பிய படத்திலிருந்து ஸ்கேன் செய்யாதீர்கள்.

கடைசியாக, பெரியவரைப் போய்ப் பார்க்கலாமா, பார்த்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தம்பி தடுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போய்ப் பாருங்கள். உடம்பு சரியில்லாத அண்டை வீட்டுக்காரரைப் பார்ப்பது எந்தச் சட்டத்திலும் வாக்குமூலம் ஆகாது. முடிந்தால் மருந்துச் செலவுக்கு உதவுங்கள். “இழப்பீடாகத் தருகிறேன்” என்று எழுதிக் கொடுக்க மட்டும் வேண்டாம், அதை வக்கீலிடம் பேசிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வெறுங்கையோடு போகாமல், அவருக்கு உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா என்று வீட்டில் கேட்டுவிட்டு, கஞ்சியோ இட்லியோ எடுத்துக்கொண்டு போங்கள்.